பச்சைக் குரல்

விடுதிப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் மாமியார். திங்கட்கிழமை காலையில் கண் விழித்ததும் நலம் விசாரிக்கும், சொல்லும் பதிலை நம்பாது, எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு பிறகு வீட்டுக்குப் போட்டுக்கொடுக்கும். பொருத்தமான பெயர்தான். பல்கலைக்கழகம் வைத்த பெயர் நலமானி. திறப்பு விழாவில் துணைவேந்தர் "காய்ச்சலுக்கு வெப்பமானி, கவலைக்கு நலமானி" என்று சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருந்தார். அவர் நிறுத்தினால் கைதட்ட வேண்டும் என்று அந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும்.

வேலை எளிதானது. மாணவரின் போனில் இருக்கும் அந்தச் செயலி கேட்கும்: "எப்படி இருக்கே?" மாணவர் அரை நிமிடம் எதையாவது பேச வேண்டும். என்ன பேசினாலும் சரி, சொற்களை அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. குரலில் உள்ள நடுக்கம், இழுவை, மூச்சு, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் விழும் இடைவெளி, இவற்றை வைத்துப் பதற்றமும் மனச்சோர்வும் எவ்வளவு என்று நூற்றுக்கு ஓர் எண் கொடுக்கும். எண் குறைவாக இருந்தால் பச்சை. கூடினால் மஞ்சள், அதற்கும் மேல் சிவப்பு. அடுத்தடுத்து மூன்று திங்கள் சிவப்பு வந்தால் 'வீட்டு ஓய்வு'. பெற்றோர் வந்து அழைத்துப் போக வேண்டும். அந்தப் பருவம் அத்தோடு போயிற்று.

மனநல ஆலோசகர் ஃப்ளாரன்ஸ் முதலில் நலமானியை வரவேற்றவள். அதற்கு முன்னால் அவள்தான் வருடா வருடம் கேள்வித்தாள் கொடுத்துக்கொண்டிருந்தாள். 'கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தீர்களா?' என்று கேட்டால், பிள்ளைகள் பக்கத்துத் தாளைப் பார்த்து 'இல்லவே இல்லை' என்று டிக் போடுவார்கள். மனச்சோர்வில்கூடக் காப்பியடித்தவர்கள் நம் பிள்ளைகள்தான் என்று அவள் பாளையங்கோட்டையில் இருக்கும் தன் அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள். பொய் சொல்ல முடியாத ஒரு கருவி வந்தால் நல்லதுதானே என்று நினைத்தாள்.

அப்படி நினைத்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை செண்பகவல்லி அவள் அறைக்குள் வந்தாள்.

"மேடம், நான் லூசா?"

"முதல்ல உட்காரு. யாரு சொன்னா?"

"மாமியாதான். ரெண்டு வாரமாச் செவப்பு. வர்ற திங்கக்கெழமையும் செவப்புன்னா அப்பாவுக்கு மெசேஜ் போயிரும்."

கோவில்பட்டிப் பெண். சிவில் இரண்டாம் ஆண்டு. நாற்காலியில் உட்கார்ந்ததும் மேசைமேல் இருந்த காகித எடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது என்ன கல் என்று கேட்டாள். ஃப்ளாரன்ஸுக்குத் தெரியவில்லை.

"தூக்கம் எப்படி?"

"அதை ஏன் கேக்கீங்க. ரூம்மேட்டு மூஞ்சில தண்ணி தெளிச்சாத்தான் எந்திரிப்பேன்."

"சாப்பாடு?"

"நேத்துக் காலைல இட்லி செங்கல் மாதிரி இருந்துச்சு, வேணாம்னு வந்துட்டேன். மத்தபடி நல்லாச் சாப்பிடுவேன் மேடம். ரசம் நல்லாருந்தா ரெண்டு வாட்டி."

"அழுகை வருதா?"

"போன வாரம் அழுதேன். பால மாடலை ஒருத்தன் இடிச்சு உடைச்சுட்டான். அழுதுட்டு, அவனையே உட்கார வச்சு ஒட்ட வச்சேன்."

ஃப்ளாரன்ஸ் இன்னும் பலதும் கேட்டாள். தோண்டித் துருவிக் கேட்டாள். கோபம் வந்தபோது செண்பகவல்லி கோபப்பட்டிருக்கிறாள், பயம் வந்தபோது பயந்திருக்கிறாள், பிறகு மறந்திருக்கிறாள். தன் வேலைக்காலத்தில் இந்த நாற்காலியில் இவ்வளவு சௌக்கியமான ஒருத்தியை ஃப்ளாரன்ஸ் பார்த்ததில்லை. அவளுக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துப்போயிற்று.

"சரி, வச்சுக்குவோம், சிவப்பே வருது. ஒரு பருவம் வீட்ல இருந்துட்டு வந்தா என்ன?"

செண்பகவல்லி காகித எடையைக் கீழே வைத்தாள்.

"திரும்பி வர விடமாட்டாக மேடம். பெரியப்பா மாப்பிள்ளை பாத்து வச்சிருக்காக. பொட்டப்பிள்ளைக்குப் பாலம் கட்டுற படிப்பு எதுக்குன்னு ஒரே சண்டை. எனக்கு அம்மா இல்ல, சின்னதுலயே போயிட்டாக. அப்பா ஒத்த ஆளா நின்னு மல்லுக்கட்டித்தான் அனுப்பி வச்சாக. இப்ப புத்தி சரியில்லன்னு காலேஜே சொல்லி அனுப்புச்சுன்னா, அப்பா வாயத் தெறக்க முடியுமா? அடுத்த முகூர்த்தத்துலயே முடிச்சிருவாக."

"நான் பார்த்துக்கறேன்" என்றாள் ஃப்ளாரன்ஸ். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

நலமானியை உருவாக்கிய குழுவில் மற்றவர்கள் எல்லாம் பெரிய கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது நிஜாமுதீன் ஒருவன். மேலப்பாளையத்துக்காரன், கணிப்பொறித் துறையின் மூன்றாவது மாடியில் ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து அதைப் பராமரித்துக்கொண்டிருந்தான். ஃப்ளாரன்ஸ் போனபோது மதியம் மூன்று மணி இருக்கும். செண்பகவல்லி சொன்னதையெல்லாம் அவனிடம் சொன்னாள்.

"மிஷின் தப்புப் பண்ணாதா நிஜாம்?"

"பண்ணும் மேடம். ஆனா இந்தப் பொண்ணு விஷயத்துல சந்தேகமே இல்லாமச் சொல்லுது. நல்லா இருக்கிற குரல் ஒண்ணுகூட இவ குரலோட ஒத்துப்போகல."

"நல்லா இருக்கிற குரல் எதுன்னு அதுக்கு யாரு சொன்னா?"

"நாங்கதான். அதுதான் மேடம் இதுல பெரிய வேலையே. ஒரு மிஷினுக்கு முதல்ல, இதுதான் சாதாரணமா இருக்கிற ஆளுன்னு காட்டணும். அப்பதான் மத்தவன் எவ்வளவு விலகியிருக்கான்னு சொல்லும். மைக்கைக் குடுத்துப் பேசுடான்னா பசங்க பேச்சுப் போட்டி மாதிரிப் பேசறாங்க. அதனால எல்லாரும் உட்கார்ந்து யோசிச்சோம். மனசுல ஒண்ணுமே இல்லாம, யோசிக்காம, தினமும் பதில் சொல்ற கேள்வி எது?"

"எது?"

"சாப்டியா." நிஜாமுதீன் பெருமையாகச் சிரித்தான். "வீட்லேர்ந்து அம்மா போன் பண்ணி முதல்ல கேக்கிறது அதான். சாப்டேன்னு சொல்லுவான். அதுல என்ன பதற்றம், என்ன சோகம்? அனுமதி வாங்கிட்டு எல்லாப் பசங்க சாப்டேனையும் பதிவு பண்ணினோம். ஆயிரக்கணக்குல. வெளிநாட்டு மாநாட்டுல இதைச் சொன்னப்ப எந்திரிச்சு நின்னு கைதட்டினாங்க மேடம். உங்க பண்பாட்டுக்குள்ளேர்ந்தே அளவுகோலை எடுத்திருக்கீங்கன்னு."

அவன் சிலவற்றை ஓடவிட்டான். சாப்டேம்மா. ம், சாப்டேன். சாப்டாச்சும்மா, நீ சாப்டியா. ஆமாம்மா, இப்பத்தான். ஆண் குரல், பெண் குரல், தூத்துக்குடி, தேனி, சேலம். எல்லாம் சீராக, மழுங்கலாக, மேடு பள்ளம் இல்லாமல் இருந்தன. ஃப்ளாரன்ஸுக்கு ஏதோ நெருடியது. என்னவென்று பிடிபடவில்லை.

அப்போது நிஜாமுதீனின் போன் அடித்தது.

"சொல்லு உம்மா... ஆங், சாப்டேன். இல்ல, அப்பவே சாப்டேன். கறி நல்லா இருந்துச்சு. சரி, வை, ஆள் இருக்காங்க."

மேசையில் அவனுடைய சாப்பாட்டு டப்பா துணிப்பையிலிருந்து வெளியே வராமல் இருந்தது. ஃப்ளாரன்ஸ் பையைத் தொட்டுப் பார்த்தாள். கனமாக இருந்தது.

"நீங்க இன்னும் சாப்பிடல."

"இனிமேத்தான் மேடம். வேலை ஓடிட்டு இருந்துச்சு."

"உம்மாட்ட கறி நல்லா இருந்துச்சுன்னீங்க."

"சாப்பிடலன்னு சொன்னா அங்க அவங்க சாப்பிட மாட்டாங்க மேடம். மனசு கஷ்டப்படும். அது எல்லாரும் சும்மா சொல்றதுதானே..."

அவன் அங்கேயே நிறுத்திவிட்டான். இரண்டு பேரும் கணினித் திரையைப் பார்த்தார்கள். பிறகு நிஜாமுதீன் தன் போனில் பதிவாகியிருந்த அந்தப் பேச்சையே நலமானிக்குக் கொடுத்தான். சுத்தமான பச்சை வந்தது.

அவன் மெஸ் கணக்கைத் திறந்தான். மெஸ்ஸில் கைரேகை வைத்துத்தான் தட்டு வாங்க வேண்டும் என்பதால் யார் எப்போது சாப்பிட்டார்கள் என்பது பதிவாகியிருக்கும். சாப்டேன் என்று சொன்ன நேரங்களை அதோடு பொருத்திப் பார்த்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த வேளை மெஸ் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

"மேடம், நாங்க அதுக்குச் சொல்லிக்குடுத்தது நல்லா இருக்கிற குரல் இல்ல. அம்மாகிட்ட மறைக்கிற குரல்."

"அப்ப பச்சைன்னா?"

"நல்லா மறைக்கறான்னு அர்த்தம். சிவப்புன்னா மறைக்கத் தெரியலன்னு அர்த்தம். இந்தப் பொண்ணுக்கு அம்மா இல்லன்னு சொன்னீங்கல்ல. பழக்கமே இருந்திருக்காது."

ஃப்ளாரன்ஸுக்கு இன்னொன்று தோன்றியது. கேட்கப் பயமாக இருந்தது, ஆனாலும் கேட்டாள். "ராஜலிங்கம்னு ஒரு பையன். போன வருஷம். பாருங்க."

விபத்து என்று பல்கலைக்கழகம் அறிவித்த மரணம் அது. நலமானி வந்தபின் விடுதியில் ஒரு தற்கொலைகூட இல்லை என்று விளம்பரத்தில் போட்டார்கள் என்றால், ராஜலிங்கத்தை விபத்தில் சேர்த்ததால்தான். நிஜாமுதீன் அவனுடைய எண்களை எடுத்தான். முதலில் மஞ்சள். பிறகு பச்சை. வாரா வாரம் இறங்கிக்கொண்டே வந்து, கடைசித் திங்கள் எண் வெறும் ஒன்று.

"விடுதியிலேயே ரொம்ப நல்லா இருக்கிற பையன்னு அப்ப நோட்டீஸ் போர்டுல இவன் பேரைப் போட்டோம்" என்றான் நிஜாமுதீன். துணிப்பையைத் தள்ளி வைத்தான். அன்று அவன் சாப்பிடவே இல்லை.

பதிவாளர் தனுஷ்கோடி நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். யாரையும் நிற்கவைத்துப் பேச மாட்டார். மறுநாள் தன்னிடம் வந்த ஃப்ளாரன்ஸுக்கும் நிஜாமுதீனுக்கும் சுக்குக் காபி வரவழைத்தார். அவர்கள் சொன்னதைக் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார்.

"தப்பா அளக்குதுன்னு ஏன் சொல்றீங்க? என்னத்தை அளக்குதோ அதைச் சரியாத்தானே அளக்குது. நாம வச்ச பேருதான் கொஞ்சம் பொருந்தல."

"சார், கஷ்டத்துல இருக்கிற பிள்ளைங்களை நல்லா இருக்காங்கன்னு சொல்லுது. நல்லா இருக்கிற பிள்ளையை வீட்டுக்கு அனுப்புது."

"ஃப்ளாரன்ஸம்மா, இப்ப வேலைக்கு எடுக்க வர்றவங்க மார்க் ஷீட்டை யாரும் கேக்கறதில்ல. பச்சை எவ்வளவுன்னுதான் கேக்கறாங்க. எவ்வளவு வாட்டினாலும் குரல் மாறாத பிள்ளைங்க வேணும் அவங்களுக்கு. நம்ம பிள்ளைங்க அங்க போய் நல்லாவே தாக்குப்பிடிக்கறாங்க. மிஷின் அந்த அளவுக்குச் சரியா ஆளைப் பொறுக்குது. இன்னும் எத்தனையோ பல்கலைக்கழகம் இதைக் கேட்டு நிக்குது."

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா சார்?"

தனுஷ்கோடி காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "என் பிள்ளைங்க ரெண்டு பேரும் ஹாஸ்டல்லதான் இருக்காங்க. தினமும் சாப்டேன்னுதான் சொல்றாங்க. எனக்குத் தெரியாதா?"

ராஜலிங்கம் பேச்சை நிஜாமுதீன் எடுத்தான். அது முடிந்த விஷயம், அவன் வீட்டிலேயே யாரும் கேட்கவில்லை, நீங்கள் ஏன் கிளறுகிறீர்கள் என்று அன்பாகவே கேட்டார் பதிவாளர். எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"அந்தப் பொண்ணு மேல எனக்கு என்ன கோபமா? திங்கக்கிழமை பச்சை வந்தா இங்கயே இருக்கட்டும். நல்லாப் படிக்கட்டும்."

ஃப்ளாரன்ஸ் ஆத்திரத்தில் தடதடவென்று படியிறங்கினாள். ஆனால் பதிவாளர் கடைசியாகச் சொன்னது அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. திங்களுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. கருவியைத் திருத்த முடியாது. பெண்ணைத் திருத்தலாம். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தும் நிஜாமுதீனிடம் நலமானியின் ஒரு நகலைத் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னாள்.

"தெரிஞ்சா என் வேலை போயிரும் மேடம்" என்றான். சொல்லிக்கொண்டே ஏற்றித் தந்தான்.

சனிக்கிழமை காலை ஃப்ளாரன்ஸ் அறையில் பாடம் தொடங்கியது. செண்பகவல்லியைக் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தாள்.

"நான்தான் உன் அம்மான்னு நினைச்சுக்க. சாப்டியாம்மா?"

"இல்ல மேடம், நீங்கதான சாப்பிடாம வரச் சொன்னீங்க. பசி உயிர் போகுது."

சிவப்பு.

"சாப்டேன்னு சொல்லணும்."

"சாப்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள். சிவப்பு.

"ஏன் மேடம் பொய் சொல்லணும்? சாப்பிடலன்னு சொன்னாத்தான சோறு போடுவாக?"

 இத்தனை வருடமாக இதே அறையில் பிள்ளைகளிடம் மனதில் இருப்பதைச் சொல் சொல் என்று கெஞ்சியவள் ஃப்ளாரன்ஸ். "மத்தப் பிள்ளைங்க சொல்றாங்கம்மா. வீட்ல கவலைப்படக் கூடாதுன்னு" என்றாள்.

"எங்க அப்பாகிட்ட நான் எதையும் மறைச்சதில்ல. ரெண்டு பேரும் சேர்ந்துதான் சமைப்போம். உப்பு கூடினாக்கூடச் சொல்லிருவேன்."

மதியம் ஆகிவிட்டது. முப்பது தடவையோ நாற்பது தடவையோ சொல்லிப் பார்த்தார்கள். பச்சை வரவே இல்லை. அந்தப் பெண்ணின் தொண்டையில் அந்தப் பொய் இறங்கவே மாட்டேன் என்றது. ஃப்ளாரன்ஸ் நம்பிக்கை இழந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தபோது செண்பகவல்லியின் போன் அடித்தது.

"அப்பா" என்றாள் அவள்.

"ஸ்பீக்கர்ல போடு. சிவப்பு வந்ததைச் சொல்லிட்டியா?"

"இல்ல மேடம். நேர்ல சொல்லிக்கிடலாம்னு..."

"சொல்லாத."

அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. பின்னால் லாரிகளின் சத்தம். "தாயி, நல்லாருக்கியா? நேத்து உங்க பெரியப்பா மறுபடி அதே பேச்சை எடுத்தாரு. எம் பிள்ளை அங்க ராணி மாதிரி இருக்கா, போய் வேலையைப் பாருங்கன்னு சொல்லிட்டேன். சரிதான தாயி? படிப்பெல்லாம் நல்லாப் போகுதா?"

செண்பகவல்லி ஃப்ளாரன்ஸைப் பார்த்தாள். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"நல்லாப் போகுதுப்பா. ஒண்ணும் கொறையில்ல. நீங்க கவலப்படாதீக."

மேசைமேல் இருந்த ஃப்ளாரன்ஸின் போன் பச்சையானது. அதைப் பார்க்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிஜாமுதீனின் அறையில் கேட்ட அதே குரல்தான் இந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்தது, மேடு பள்ளம் இல்லாமல்.

செண்பகவல்லி போனைக் கவிழ்த்து வைத்தாள். பிஸ்கட்டை நீட்டியபோது வேண்டாம் என்றாள்.

"வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது மேடம்."

"பசிதான். சரியாப் போயிரும்."

"பசி இல்ல மேடம். பசி எனக்குத் தெரியும்."

திங்கட்கிழமை பச்சை வந்தது. அதற்கடுத்த திங்களும் வந்தது. பெரியப்பா கொண்டுவந்த மாப்பிள்ளை வேறு இடத்தில் பெண் பார்த்துக்கொண்டான் என்று செண்பகவல்லி ஒருநாள் வந்து சொல்லிவிட்டுப் போனாள். ஃப்ளாரன்ஸ் அன்று நிம்மதியாகத் தூங்கினாள். அதன்பிறகு அந்தப் பெண் அறைப்பக்கம் வரவில்லை. வராந்தாவில் எதிரே பார்த்தால் கை காட்டுவாள். சிவப்பு வந்த மற்ற பிள்ளைகள் யாரும்கூட வருவதில்லை. பச்சை வரவைக்கும் வித்தையை அவர்களுக்குச் செண்பகவல்லி சொல்லிக்கொடுக்கிறாள் என்று காதில் விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விடுதி முழுக்கப் பச்சையாகிக்கொண்டு வந்தது. ஆலோசகர் என்று ஒருவர் இனித் தேவையா என்று ஏதோ கூட்டத்தில் பேசினார்களாம்.

பருவம் முடிய ஒரு மாதம் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலை நிஜாமுதீன் கூப்பிட்டான்.

"மேடம், நம்ம செண்பகவல்லி."

"ஏன், சிவப்பா?"

"இல்ல. இன்னைக்கு ரெண்டு. போன வாரம் அஞ்சு, அதுக்கு முந்தி ஒம்பது. விடுதியிலேயே கம்மி இவதான், அன்னைக்கு ராஜலிங்கம் மாதிரி. பாராட்டுச் சான்றிதழ்ல யார் பேரைப் போடணும்னு பதிவாளர் கேட்டு அனுப்பியிருக்காரு. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல மேடம்."

ஃப்ளாரன்ஸ் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் பெண்கள் விடுதிக்கு ஓடினாள். எல்லோரும் வகுப்புக்குப் போயிருந்தார்கள். இரண்டாவது மாடியில் செண்பகவல்லியின் அறை மட்டும் உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

"வர்றேன் மேடம்."

யாரென்று கேட்காமலேயே மேடம் என்கிறாள். கதவு திறந்தது. தலை வாரி, பொட்டு வைத்து, சிரித்த முகமாக நின்றாள் செண்பகவல்லி.

"கிளாஸ் இல்லியா?"

"லேசாத் தலவலி மேடம். ஒண்ணுமில்ல."

சில மாதங்களுக்கு முன்னால் என்றால் தலையில் எந்தப் பக்கம், எப்போதிலிருந்து, யாரால் என்று அரைமணி நேரம் சொல்லியிருப்பாள்.

"செண்பகம், என்கிட்ட உண்மையச் சொல்லு. நீ நல்லா இருக்கியா?"

"நல்லாருக்கேன் மேடம். நெசமாவே."

ஃப்ளாரன்ஸ் காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். குரலில் நடுக்கம் இல்லை, இழுவை இல்லை, இடைவெளி இல்லை. சொன்னது உண்மையாக இருக்கலாம். நன்றாகப் பாடம் படித்திருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழியும் மிச்சமில்லை. இருந்த ஒரு வழியையும் பிஸ்கட் பாக்கெட்டோடு உட்கார்ந்து அவளே அடைத்துவிட்டாள்.

"அப்பாகிட்டப் பேசினியா?"

"தினமும் பேசுறேன். அப்பா ரொம்பச் சந்தோசமா இருக்காக." கதவைப் பிடித்தபடியே நின்றாள். "நீங்க கெளம்புங்க மேடம், உங்களுக்கு எம்புட்டோ வேலை கெடக்கும்."

ஃப்ளாரன்ஸ் அவளைத் தாண்டி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு வேலையும் இல்லம்மா" என்றாள்.

செண்பகவல்லி சிரிப்பு மாறாமல், கதவைத் திறந்து பிடித்தபடி, அவள் எழுந்து போவதற்காகக் காத்திருந்தாள். ஃப்ளாரன்ஸுக்கு எழுந்து போகத் தைரியம் வரவில்லை.